பன்னிரண்டாம் ரீலில் காணாமல் போனவன்

வாசகரே, உங்களை நான் ரசிகராக அழைக்கவில்லை; சாட்சியாக அழைக்கிறேன். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்ல மாட்டேன். இதைப் படித்து முடித்தபின், ஆம்பூரில் ஒரு திங்கட்கிழமை மாலைக் காட்சியில் இப்படி ஒன்று நடந்ததா என்று யாராவது கேட்டால், நடந்தது, கேட்டிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் போதும்.

சாட்சி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் வேலூரிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். திரைப்படங்களுக்கு முன்னோட்டத் துணுக்குகள் வெட்டித் தருவது அவர் தொழில். தாம் வெட்டிய ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். சிரிப்பும் கூத்துமாக ஓடி முடிந்தது.

"படம் முழுக்க இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். செகண்ட் ஹாஃப்ல ஒரு சாவு வருது, ரொம்ப ஹெவி. காமெடியோட ஒட்டவே இல்ல. அதனால அத வெளிய காட்டாம விட்டுட்டோம். நீங்க வண்டியில மைக் புடிச்ச காலத்துலயும் இதத்தானே சார் பண்ணியிருப்பீங்க?"

இல்லை என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார், நம்பவில்லை. நம்பாதவர்கள் பெருகும்முன் எழுதிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன்.

நான் சினிமா விளம்பர அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்டைதான் என் தொழிற்கருவி. வாணியம்பாடியில் கல்லூரியில் படித்த காலத்தில் எந்தப் பேச்சுப் போட்டிக்குப் போனாலும் கேடயத்தோடுதான் திரும்புவேன். தலைப்பு எதுவானாலும் சரி, வெட்டச் சொன்னாலும் பேசுவேன், ஒட்டச் சொன்னாலும் பேசுவேன். தந்தையார் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையைத் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். மகனின் கை அந்தத் தொட்டியில் நனையக் கூடாது என்று அவர் படிக்க வைத்தார். பட்டம் வந்தது; வேலை வரவில்லை. ஒரு பொதுக்கூட்டத்தில் நான் பேசியதைக் கேட்ட ஆம்பூர் டாக்கீஸ் மேனேஜர் ஒருவர், மறுநாளே என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். எழுபதுகளின் பிற்பகுதி அது.

மேனேஜர் பெயர் தணிகாசலம். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். டாக்கீஸுக்கு வந்த எந்தப் படத்தையும் அவர் பார்த்ததில்லை. முதல் நாள் மாலைக் காட்சியில் திரைக்குப் பக்கத்திலுள்ள கதவருகே போய், திரைக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பார். படம் முழுக்க அப்படியே நிற்பார். "படத்தை எடுத்தவன் பாத்துக்கட்டும். நாம மூஞ்சிய பாக்கணும் தம்பி. சிரிக்கிறப்ப வாய் மட்டும் ஆடுதா, தோளும் ஆடுதா, அத பாரு. தோள் ஆடுச்சுன்னா நாளைக்கு அவன் பொண்டாட்டியக் கூட்டினு வருவான்." மறுநாள் காலையில் தோள் ஆடிய இடங்களை எனக்குச் சொல்வார். அவற்றை வைத்து அன்றைய அறிவிப்பை நான் அமைக்க வேண்டும்.

எங்கள் வண்டி பாஷா பாயின் ஜட்கா, ஒற்றைக் குதிரை வண்டி. இருபுறமும் போஸ்டர் ஒட்டிய பலகைகள், மேலே முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாகக் கூம்பு ஒலிபெருக்கிகள், இருக்கைக்கடியில் ஆம்ப்ளிஃபயரும் கார் பேட்டரியும். முதல் நாள் பஜாரில் நான் மேடைப் பேச்சையே எடுத்துவிட்டேன். கலைக்கும் சமுதாயத்துக்கும் உள்ள உறவில் தொடங்கிப் படத்தின் பெயருக்கு வருவதற்குள் வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டது. கொய்யாப்பழம் விற்ற பெண்மணி ஒருவர், "இன்னாப்பா, படமா, ஓட்டா? ஓட்டுன்னா எங்க வூட்டுல அவருகிட்டதான் கேக்கணும்" என்றார். பாஷா பாய் திரும்பிப் பார்த்து, "அரே தம்பி, நீ பேசறது நமக்கே புரியல, குதுரைக்கு எப்டி புரியும்?" என்றார்.

குதிரைக்கு ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு வரும். அந்தக் கரகரப்பு கேட்டால் அது நின்றுவிடும். பேச்சு ஓயும்வரை சாட்டைக்கும் அசையாது. எனக்கு முன்பிருந்தவர் பழக்கியது. ஆகவே எங்கே நிற்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்தேன். எப்போது நகர வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்தேன்.

தொழிலின் விதிகளை ஒரே வாரத்தில் கற்றேன். டீக்கடையில் ஒருவர் கோப்பையை வாயருகே கொண்டுபோகும் நேரத்துக்குள் படத்தின் பெயர் அவர் காதில் விழ வேண்டும். மசூதியில் பாங்கு சொல்லும்போது மைக்கை அணைக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் பேசக் கூடாது. தோல் ஷாப்பு வாசல்களுக்கு வேலை விடும் சங்கு ஊதும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். முடிவை எந்நாளும் சொல்லக் கூடாது. இன்னொன்றும் உண்டு: சாவு விழுந்த தெரு வழியாகப் போக நேர்ந்தால் மைக்கை அணைத்து, சிரிக்கிற முகங்கள் உள்ள போஸ்டர் பலகைகள்மேல் கோணியைப் போர்த்தி மூடிக்கொண்டு, ஓசையின்றிக் கடக்க வேண்டும். கோணி இரண்டு எப்போதும் வண்டியில் இருக்கும்.

இனி அந்தப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன். எடுத்தவர்கள் அதற்குப் பிறகு எழவில்லை. வாய்ச்சவடால் பேர்வழி ஒருவன் பொய் சொல்லி ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் ஆகிவிடுகிறான். அவனுக்கு ஒரு நண்பன், தலையில் எந்நேரமும் கம்பளிக் குல்லா. குல்லாக்காரனுக்கு வேலை தெரியும், இவனுக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து முதலாளியை ஏமாற்றும் கூத்துதான் பாதிப் படம், வயிறு புண்ணாகும். பன்னிரண்டாம் ரீலில், கழிவுத் தொட்டி அடைத்துக்கொள்கிறது. குல்லாக்காரன் தன் டீயை நண்பனிடம் கொடுத்து, "மூடி வை, ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்குகிறான். கடைசிப் படியில் கால் வைத்ததும் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடுகிறான். மேலே நிற்பவன், "டேய், நடிக்காதடா, எழுந்திரு" என்று கிண்டல் செய்கிறான். அவன் எழவில்லை. தொட்டிக்குள் நச்சுக்காற்று.

வெள்ளிக்கிழமை மாலைக் காட்சியில் ஆம்பூர் மக்கள் அந்தக் கிண்டலுக்குச் சிரித்தார்கள். சிரித்த வாயை மூடுவதற்குள் அவன் இறந்துவிட்டான் என்று தெரிந்தது. கொட்டகையில் பாதிப்பேர் தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள். தொட்டியில் இறங்கி ஏறாதவர்களை அவர்கள் அறிவார்கள். ஒருவர் எழுந்து, "நிறுத்துடா படத்த" என்றார். பெஞ்சுப் பலகை ஒன்று பெயர்ந்து பறந்தது. இயக்குநருக்கும் நிதானம் இல்லை. சாவுக்கும் அடக்கத்துக்கும் பின்னாலேயே, கதாநாயகன் சாணியில் வழுக்கி விழுந்து ஓடுகிற ஒரு பாட்டை வைத்திருந்தார். அந்தப் பாட்டு வந்தபோது ஏசல்கள் கூரையை முட்டின. வெளியே வந்தவர்கள் என் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சிரிக்க வாடான்னு கூப்ட்டு செருப்பால அடிக்கிறியா மைக்கு?" என்று ஒருவர் கேட்டார். ஊரில் என் பெயர் மைக்கு.

அன்றே மேனேஜர் ஆபரேட்டர் டேவிட்டை அழைத்தார். "எதுலேர்ந்து எடுக்கலாம்?"

"டீ ஆறிடப் போவுதுன்றது வரைக்கும் இருக்கட்டும் சார். அங்க வெட்டி, அந்தக் கல்யாண சீன்ல ஒட்டிடறேன். சாவு, அடக்கம், முதலாளி மாலை தூக்கினு வர்றது, அந்தச் சாணிப் பாட்டு, எல்லாம் போயிடும்."

அது எல்லா ஊரிலும் நடந்ததுதான். வெட்டிய சுருளை டப்பாவில் வைத்திருந்து, படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது மறுபடி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். கதை தெரியாமல் போகுமே என்று நான் வாதிட்டேன். "கதைய யாருப்பா கேட்டான்?" என்று மேனேஜர் கிராம்பை இடமிருந்து வலம் மாற்றினார்.

சனியும் ஞாயிறும் அவர் சொன்னதே நடந்தது. கொட்டகை நிரம்பியது. தோள்கள் ஆடின. குல்லாக்காரன் டீயைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். அடுத்த காட்சியில் கல்யாண மேளம் கொட்டியது. அவன் எங்கே போனான், ஏன் திரும்பவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மனிதன் படத்தின் நடுவில் மறைந்துபோனான். ஊர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது.

ஞாயிறு மாலைக் காட்சி விட்டதும், பெண்கள் வாசலிலிருந்து ஒரு பெண் நேரே என் வண்டிக்கு வந்தாள். துத்திப்பட்டைச் சேர்ந்த கஸ்தூரி, தோல் காயப்போடும் களத்தில் வேலை செய்பவள். முந்தைய ஆண்டு அவள் கணவன் சம்பத்து தோல் ஷாப்புத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி இறந்துபோனான். குடித்துவிட்டு இறங்கினான், தவறி விழுந்தான் என்று ஊருக்குள் பேச்சு. அந்தப் பேச்சை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் மறுக்கவும் இல்லை. கஸ்தூரிக்குப் பின்னால் அவள் மாமியார் நின்றிருந்தார்.

"மைக்கு தம்பி, அந்தக் குல்லா போட்ட ஆளு எங்கப்பா போனாரு?"

"அந்த எடத்த வெட்டிட்டாங்கக்கா."

"எதுக்கு?"

"ஜனங்க சிரிச்சினே போவணும்னு."

"நானும் சிரிச்சேம்பா. கல்யாண மோளத்துல அவர மறந்தே பூட்டேன். எங்க அத்ததான் கேட்டுச்சு, அந்தப் புள்ள எங்கடின்னு." குரலைத் தாழ்த்தினாள். "மொத நாளு பாத்துட்டு பக்கத்து வூட்டக்கா சொன்னாங்க, படத்துல ஒரு ஆளு குடிக்காமலே எறங்கிச் செத்துப் போறாருன்னு. எங்க அத்த இன்னிக்கி வரைக்கும் எங்கிட்ட கேக்குது, அன்னிக்கி அவன் குடிச்சிருந்தானாடீன்னு. நான் இல்லன்னு சொன்னா நம்பல. கண்ணால பாக்கட்டும்னுதான் கூட்டியாந்தேன்."

எந்தத் தலைப்புக்கும் இருபக்கமும் பேசத் தெரிந்த நான் மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

அவள் வண்டிக்குள் மடித்துக் கிடந்த கோணிகளை விரலால் காட்டினாள். "அவரு செத்தன்னிக்கி உங்க வண்டி எங்க தெருவுல போச்சு. போஸ்டர மூடினு போனீங்க. நான் பாத்தேன். அது மரியாத, ஒத்துக்கறேன். படத்துல செத்தவரயே மூடறது எதுக்குப்பா?"

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குள் நான் உட்காராமல் நின்றுகொண்டே பேசினேன். "சார், வெட்டினத ஒட்டச் சொல்லுங்க."

"எதுக்கு, பெஞ்சு மிச்சம் இருக்குதே அதுக்கா?"

"வெள்ளிக்கிழம ஜனங்கள அடிச்சது அந்த சீன் இல்ல சார். நம்ம கூப்ட்டதுதான் அடிச்சது. சிரிக்க வாங்கன்னு கூப்ட்டோம். சாவு வருதுன்னு தெரியாம அவன் சாவுக்கே சிரிச்சுட்டாங்க. அந்த வெக்கத்துலதான் பெஞ்ச ஒடச்சாங்க. சொல்லிக் கூப்ட்டிருந்தா ஒடச்சிருக்க மாட்டாங்க."

"சொல்லிக் கூப்ட்டா எவன் வருவான்? தம்பி, உங்கப்பன் என்ன வேலை பாத்தாரு?"

"சுண்ணாம்புத் தொட்டி."

"வூட்டுக்கு வந்து தொட்டியப் பத்திப் பேசுவாரா?"

"பேச மாட்டாரு."

"அவ்ளோதான். பகல் பூரா அந்த நாத்தத்துல நிக்கிறான். மூணு மணி நேரம் அத மறக்கத்தான் இங்க வர்றான். அந்த மறதியத்தான் நாம விக்கறோம். இங்கயும் தொட்டியக் காட்டுன்றியா? அது தர்மமாடா?"

அந்த வாதத்தில் வலு இருந்தது. இன்றும் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எந்தப் போட்டியில் அதைச் சொல்லியிருந்தாலும் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் என் முன்னால் கோணியைக் காட்டிய ஒரு விரல் நின்றது.

"மறக்க வர்றவங்க வரட்டும் சார், வேணான்னு சொல்லல. ஆனா யார மறக்கறோம்னு தெரிஞ்சு மறக்கணும். டீயக் குடுத்துட்டுப் போனவன் எங்கன்னு முந்நூறு பேர்ல ஒருத்தர்கூடக் கேக்கல. துத்திப்பட்டு கெழவிதான் கேட்டுச்சு. அதுக்கு நாம என்னா பதில் சொல்றது? மேளமா?"

மேனேஜர் கிராம்பை மென்று துப்பினார். பிறகு, "இன்னிக்கி திங்கக்கெழம. எப்பவும் ஈதான் ஓட்டுவோம். உன் இஷ்டத்துக்குச் சொல்லிக் கூப்டு. டேவிட்ட ஒட்டச் சொல்றேன். கலாட்டா ஆச்சுன்னா முன்னாடி நீ நில்லு. கொட்டகை காலியா இருந்துச்சுன்னா நாளைக்கு அந்த மைக்க பாஷா பாய்கிட்ட குடுத்துட்டுப் போயிடு. அவரே கூவட்டும்" என்றார்.

வாசலில் காத்திருந்த பாஷா பாய், "பேஜார் பண்ணாத தம்பி. நமக்கு உர்தூலதான் கூவ வரும்" என்றார்.

நான் அன்று அமைத்த அறிவிப்பு எனக்கு இன்றும் மனப்பாடம். கேடயம் வாங்கிய எந்த உரையையும் விட அதில் அதிகம் உழைத்தேன். சாட்சியாகிய நீங்கள் முழுமையாகக் கேளுங்கள்:

"பெரியோர்களே, தாய்மார்களே. வெள்ளிக்கிழமை உங்களைச் சிரிக்க வாருங்கள் என்று அழைத்தேன். அது பாதி உண்மை. சனியும் ஞாயிறும் படத்தில் ஒரு துண்டு இல்லை. அதில் ஒரு தொழிலாளி தொட்டிக்குள் இறங்குகிறான். அவன் குடிக்கவில்லை. தவறி விழவில்லை. இறங்கினான், இறந்தான். இன்று மாலைக் காட்சியில் அவன் திரும்ப வருகிறான். முதல் பாதியில் மனம்விட்டுச் சிரியுங்கள். அவனோடு சேர்ந்து சிரியுங்கள். பிற்பாதியில் அவன் போகும்போது கூட இருங்கள். பாதி போதும் என்பவர்கள் இடைவேளையில் எழுந்து போகலாம், தடுக்க மாட்டோம்."

முடிவைச் சொல்லக் கூடாது என்ற விதியை அன்று நான் மீறினேன். மீறுவதற்குரிய விதி அது.

பஜாரில் ஆட்கள் நின்று கேட்டார்கள். சங்கு ஊதும் நேரத்துக்குச் சம்பத்து வேலை செய்த தோல் ஷாப்பு வாசலுக்கு வண்டி வந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். கரகரத்தது. குதிரை நின்றது. "தொட்டிக்குள் இறங்குகிறான்" என்ற இடத்துக்கு நான் வந்தபோது வாட்ச்மேன் உள்ளிருந்து ஓடி வந்தார்.

"யோவ், வண்டிய எடு. இங்க நிக்கக் கூடாது, உள்ள பாக்குறாங்க."

பாஷா பாய் கடிவாளத்தை உதறிக் காட்டினார். "நான் எடுக்கறேன் சாப். குதுர எடுக்க மாட்டேங்குதே. நீங்க வேணா கேட்டுப் பாருங்க."

வாட்ச்மேன் குதிரையின் கழுத்தைத் தள்ளினார். அது வேலியோரத்துப் புல்லை மென்றது. நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். வாசலில் மிதிவண்டிகளோடு வெளியே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். மூன்றாம் முறை சொல்லத் தொடங்கியபோது வாட்ச்மேன் கையை எடுத்துவிட்டுத் தாமும் கேட்டார்.

கொட்டகை நிரம்பியது என்று சொன்னால் நீங்கள் என்னைச் சந்தேகிக்க வேண்டும். நிரம்பவில்லை. ஆண்கள் பக்கம் முக்கால்வாசி. பெண்கள் பக்கம்தான் இடமில்லாமல் போனது. திங்கட்கிழமைகளில் அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கும். கலாட்டா ஆனால் முன்னால் நிற்க வேண்டியவன் நான் என்பதால், மேனேஜருக்குப் பக்கத்தில், அவரைப் போலவே திரைக்கு முதுகு காட்டி நின்றேன். ஆகவே அந்தக் காட்சியில் நான் படத்தைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தேன்.

முதல் பாதியில் சிரித்தார்கள். இது நான் எதிர்பாராதது. குல்லாக்காரன் வாய் திறந்தபோதெல்லாம், ஊருக்குப் போகப் போகிற பிள்ளையிடம் சிரிப்பதைப் போல, ஒரு வாஞ்சையோடு சிரித்தார்கள். தோள்கள் ஆடின. இடைவேளையில் சிலர் எழுந்து போனார்கள், தடுக்கவில்லை. மற்றவர்கள் முறுக்கோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

என் முதுகுக்குப் பின்னால், "மூடி வை, ஆறிடப் போவுது" என்ற குரல் கேட்டது. முறுக்குக் கடிக்கும் ஓசை நின்றது. ஏணிப் படிகளில் கால் ஓசை. கஸ்தூரியின் மாமியார் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "டேய், நடிக்காதடா, எழுந்திரு" என்ற கிண்டல் ஒலித்தது. வெள்ளிக்கிழமை கொட்டகையே சிரித்த இடம் அது. இன்று ஒரு வாயும் அசையவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஒருவர், திரையில் நிற்பவனிடம் பேசுவதுபோல் மெதுவாக, "அவன் நடிக்கலடா" என்றார். அவ்வளவுதான். பெஞ்சு எதுவும் உடையவில்லை.

பிறகு அடக்கக் காட்சி. படத்தில் முதலாளி ஓர் ஆளுயர மாலையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். போடுவதற்கு இறந்தவனின் புகைப்படம் இல்லை; யாரும் அவனைப் படம் எடுத்ததே இல்லை. கல்லில் போடலாமா, கதவில் போடலாமா என்று மாலையோடு சுற்றிச் சுற்றி வருகிறார். எல்லோரும் தம்மையே பார்ப்பது தெரிந்ததும், வேறு வழியின்றி அந்த மாலையைத் தம் கழுத்திலேயே போட்டுக்கொண்டு கைகூப்புகிறார். வெள்ளிக்கிழமை இந்த இடம் கூச்சலில் யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சம்பத்தின் தாய் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்தது, தோள்களும் ஆடின. அடுத்து கஸ்தூரி. அடுத்து அந்த வரிசை. அதன்பின் கொட்டகை முழுவதும். அப்படியொரு சிரிப்பை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அதில் விளையாட்டு இல்லை. மாலை போட்டுக்கொண்டு நின்ற அந்த மனிதரைப் பார்த்து, உன்னை எங்களுக்குத் தெரியும் என்று ஊரே சொன்னது போலிருந்தது. சிரிப்பும் சாவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அந்தப் படத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. அன்று அவற்றை ஒட்டியவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள்.

அப்போது எனக்குப் பக்கத்தில் ஓர் அசைவு. மேனேஜர் தணிகாசலம் திரும்பி நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாணியில் வழுக்கும் அந்தப் பாழாய்ப்போன பாட்டு வந்தபோது, "இத மட்டும் எடுத்துடச் சொல்லவா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் பீடி குடிக்க வெளியே போயிருந்தார்கள். "இருக்கட்டும் சார், அவங்களே பாத்துக்கறாங்க" என்றேன்.

அந்தப் படம் வென்றதாக நான் கதை கட்ட மாட்டேன். வியாழன்வரை வெட்டாமல் ஓடி, பெட்டி திருப்பத்தூருக்குப் போனது. அங்கே மறுபடி வெட்டினார்கள் என்று கேள்வி. அந்தத் தோல் ஷாப்பு வாசலில் எங்கள் வண்டி நிற்கக் கூடாது என்று டாக்கீஸ் முதலாளிக்குச் செய்தி வந்தது. அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார்; மேனேஜர் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு வாசலிலிருந்து சற்றுத் தள்ளி, பொது ரோட்டில் நின்று பேசினேன். கூம்பு ஒலிபெருக்கிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல.

வேலூர் இளைஞரே, இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் காட்டியது நன்றாக வெட்டிய துணுக்குத்தான். தொழிலில் குறை சொல்ல மாட்டேன். உங்களுடைய அந்த இறந்தவர் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

சாட்சியை இனிக் காக்க வைக்கக் கூடாது. திங்கட்கிழமைக் காட்சி விட்டதும் வாசலில் நடந்தது இது. சம்பத்தின் தாய் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்பா, அந்தப் புள்ள குடிக்கல இல்ல?"

"குடிக்கல ஆயா."

"டீயக்கூடக் குடிக்கலயே," என்றார். பிறகு மருமகளிடம் திரும்பினார். "எறங்கினதும் முட்டி மடங்கிடுச்சு, பாத்தியா. அவ்ளோ நேரந்தான். அவனுக்கும் அவ்ளோ நேரந்தான் இருந்திருக்கும்."

"அதத்தான் அத்த நான் இத்தினி நாளா சொல்றேன்," என்றாள் கஸ்தூரி.

கிழவி என்னிடம் மறுபடி கேட்டார். "சோலூர்ல எந்தங்கச்சி கீறா. அவளும் எம்புள்ள குடிச்சுட்டு வுழுந்தான்னுதான் நெனச்சினு கீறா. நாளிக்கும் இத காட்டுவீங்களா? இல்ல, மூடிடுவீங்களா?"

மேனேஜர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கலைந்துகொண்டிருந்த கூட்டம் தெருவில் பாதி தூரம் போயிருந்தது. நான் இருக்கைக்கடியிலிருந்த கோணிகளை எடுத்துப் பாஷா பாயின் மடியில் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். கரகரத்தது. புறப்பட இருந்த குதிரை நின்றது. போனவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்றேன். "சாவு வீட்டைக் கடக்கும்போது இந்த வண்டி போஸ்டரை மூடும். செத்தவனை இனி மூடாது. நான் உங்களை எந்தப் படத்துக்கு அழைத்தாலும் அதில் சிரிக்க வைப்பவன் யார் என்று சொல்வேன். சாகிறவன் யார் என்றும் சொல்வேன். ஒருவனை மறைத்து ஒருவனைக் காட்டு என்று எவர் சொன்னாலும், அன்றைக்கு வண்டி வரும். என் குரல் வராது."